பால் காய்ச்சாத வீடு

எழுபத்தோராம் ஆண்டு தை மாதம் நாலாம் திகதி, செல்லப்பா தன் சொந்த வீட்டுக்குக் காவல்காரராகப் போய்ச் சேர்ந்தார். குடிபுகவில்லை, காவலுக்குத்தான் வந்திருக்கிறோம் என்பதைக் கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் நிறுத்திவைத்துச் சொன்னார்.

வீடு கெலிஓயாவில் மேட்டுப்பக்கம் இருந்தது. இரண்டு அறை, ஒரு குசினி, தகரக் கூரை. கண்டி நகரசபையில் முப்பத்தொரு வருஷம் தண்ணீர்க் குழாய் பொருத்திய மனிதர் அவர். அவர் குழாய் போடாத தெரு கண்டியில் இல்லை. ஆனால் அவருடைய வீட்டுக்கு வந்த குழாய் மட்டும் வேலிப் படலை வரை வந்து, மேட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதற்குமேல் என்னால் ஏலாது என்று நின்றுவிட்டது. தண்ணீரைப் படலையில் பிடித்து வாளியில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

பென்ஷன் வந்ததும் நகரசபை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புது வீடு தயாராகத்தான் இருந்தது. ஆனால் பால் காய்ச்சவில்லை. புது வீட்டில் மூட்டுகிற முதல் தீ பால் காய்ச்சுகிற தீயாக இருக்க வேண்டும். பால் பொங்கி வழிந்த பிறகுதான் சாமான் அவிழ்ப்பதும் சோறு வைப்பதும். அந்தப் பாலைக் காய்ச்சப்போவது தன் ஒரே மகள் இராஜகுமாரிதான் என்று, அத்திவாரம் வெட்டிய அன்றைக்கே செல்லப்பா மேசனையும் மண்வெட்டியையும் சாட்சி வைத்துச் சொல்லியிருந்தார்.

இராஜகுமாரி பன்விலயில் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் தனபாலன் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. செல்லப்பா இந்த நாட்டுப் பதிவுப் பிரஜை. இரண்டு அரசாங்கங்களும் மேசை போட்டு உட்கார்ந்து பேசியதில் அப்பன் இந்தக் கரைக்கும் மகள் அந்தக் கரைக்கும் பங்காகிப் போனார்கள். கடல் கொந்தளிப்பு என்று தலைமன்னார்க் கப்பல் நின்றிருந்தது. மாசி முடியாமல் ஓடாது என்று ஊரெல்லாம் பேச்சு. கப்பல் ஓடுவதற்குள் ஒரு நாள் மகள் வந்து இந்த வீட்டில் பால் காய்ச்சிவிட்டுப் போக வேண்டும். செல்லப்பாவுக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

“அது வரைக்கும் என்னா செய்யிறது?” என்று அவர் மனைவி இரத்தினம்மா கேட்டாள்.

“காவல் இருக்கிறது.”

“சோறு?”

“காவக்காரனுக்குக் கடைச் சோறு.”

அப்படியாக, அலுமாரி கயிற்றுக் கட்டோடு முன்னறை நடுவில் நின்றது. கட்டில் கால் வேறு பலகை வேறாகச் சுவரில் சாய்ந்திருந்தது. கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலைகீழாக இருந்தன. இருவரும் சீமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். சுவரில் அவர் அடித்தது ஒரே ஓர் ஆணி. அதில் நாட்காட்டி தொங்கியது. காவல்காரனுக்கும் திகதி தெரிய வேண்டுமே.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்று சொன்னவன், தரையில் படுத்து எழுந்துதான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருஷத்துப் பனி தரையைத் துளைத்து, பாயைத் துளைத்து, இரத்தினம்மாவின் இடுப்பு எலும்பில் வந்து இளைப்பாறியது. கம்பளிக்குள் நுழைந்த நுளம்புகூடக் கடிக்கவில்லை. வந்த இடத்தில் கொஞ்சம் கதகதப்பாகப் படுத்திருந்துவிட்டு விடிந்ததும் மரியாதையாகப் போனது. சுவர்ப்பல்லி திங்கட்கிழமை ஒரு ‘இச்’ சொன்னது. இரண்டாவது ‘இச்’ புதன்கிழமைதான் வந்தது. காட்டுக் குரங்குகள் குளிருக்கு ஒதுங்கலாமென்று கூரைக்கு வந்தன. அதில் பெரியது ஜன்னல் வழியாக உள்ளே எட்டி, இரண்டு சேலையைப் போர்த்திக்கொண்டு பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்த இரத்தினம்மாவை வெகு நேரம் பார்த்தது. போகும்போது தன் கையிலிருந்த பாதிக் கொய்யாப்பழத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனது.

“பிச்சை போட்டுட்டுப் போவுது. பாத்தீங்களா?” என்றாள் இரத்தினம்மா.

“நல்ல மனசு” என்றார் செல்லப்பா.

தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் மெழுகாகக் கட்டிவிட்டது. தலை வார வேண்டுமானால் இரத்தினம்மா போத்தலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும். போத்தலும் அவளும் யார் முதலில் இளகுவதென்று போட்டி போட்டார்கள். முன்கதவு ஆவணி வெயிலில் பொருத்தியது. தைப்பனியைக் குடித்துக் குடித்து உப்பி, ஒரு நாள் காலையில் நிலையைக் கவ்விக்கொண்டு அசைய மறுத்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்காரர்கள் ஜன்னலால் போய் வந்தார்கள். அறுபது வயதில் செல்லப்பா ஜன்னலேறப் பழகினார். ஐம்பத்திரண்டு வயதில் இரத்தினம்மா அவரைத் திட்டப் புதுச் சொற்கள் கண்டுபிடித்தாள்.

சிமினி விளக்கு மட்டும் ஏற்றினார்கள்.

“இது மட்டும் தீ இல்லையா?” என்று அவள் கேட்டாள்.

“இது வெளிச்சம்.”

ஆனால் சுருட்டு தீ. அதற்குப் படலையைத் தாண்டி ரோட்டுக்குப் போய்த்தான் நெருப்புக்குச்சி கிழிப்பார். சட்டம் என்றால் சட்டம்.

பக்கத்து வீட்டு றலியா மட்டும் இல்லாவிட்டால் இரண்டு காவல்காரர்களும் அந்தத் தையிலேயே விறைத்திருப்பார்கள். காலை ஐந்தரைக்கு வேலிக்கு மேலால் ஒரு கேத்தில் தேத்தண்ணி வரும். கூடவே ஒரு சொல்லும் வரும்.

“நாங்களும் பாத்திஹா ஓதிப் பால் காச்சித்தான் குடி வந்த. பதினஞ்சு நிமிசம். ஒங்கட பால் மட்டும் எட்டு நாளாக் கொதிக்குதே அண்ணே.”

“மகள் வரணும் றலியா.”

“மகள் வாறதுக்குள்ள அக்கா மவுத்தாப் போவாங்க.”

“நான் போனா இவரு என்னையும் கயித்தால கட்டி அலுமாரிக்குப் பக்கத்துல நிப்பாட்டிருவாரு” என்று இரத்தினம்மா வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து சொன்னாள். “மகள் வந்துதான் அவுக்கணும்.”

மகள் வந்தாள். தை பதின்மூன்றாம் திகதி காலையில், இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளையும் கையில் துணி சுற்றிய பால் போத்தலுமாக, பன்விலயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். ஜன்னலால் இறங்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துப் படலையிலேயே நின்றாள்.

“என்னாப்பா, சொந்த வீட்டுலயே களவெடுக்கிறீங்களா?”

செல்லப்பாவுக்கு ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருந்தது. அப்படியே இருந்து சிரித்தார். பிள்ளையை ஜன்னல் வழியாக இரத்தினம்மா வாங்கினாள். பிறகு மகளையும் கை கொடுத்துத் தூக்கினார்கள். உள்ளே வந்தவள் கயிறு கட்டிய சாமான்களைப் பார்த்தாள். அம்மாவின் வெடித்த உதட்டைப் பார்த்தாள். குசினியில் மூன்று செங்கல் அடுப்பாக வைத்தபடி, ஒரு பொட்டுக் கரியில்லாமல் சிவப்பாக இருந்தன. பக்கத்தில் புதுப்பானை, காய்ந்த விறகு, தேங்காய்ச் சிரட்டை, தீப்பெட்டி. எல்லாம் சரியாக இருந்தது. ஒன்பது மணி கூட ஆகவில்லை.

“பத்த வைப்பமாப்பா?” என்று அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு குந்தினாள்.

செல்லப்பா மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். பால் பொங்க ஒரு கால் மணி. குடிக்க ஒரு கால் மணி. அதோடு இந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே வேலை முடிந்துவிடும். முடிந்த வேலைக்கு யாராவது திரும்பி வருவார்களா?

“இன்னைக்கு வேணாம்மா” என்றார். “இன்னைக்குக் கரிநாள்.”

இரத்தினம்மா வாயைத் திறந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். இராஜகுமாரி தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து சுவர்ப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

“சரிப்பா. அப்ப இன்னொரு நாள் வர்றேன்” என்றாள்.

பின்னேரம் வரை இருந்தாள். கடைச் சோறு சாப்பிட்டாள். போத்தல் எண்ணெயைத் தன் அக்குளில் வைத்து இளக்கி அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். பாலைப் பிள்ளை பாதி குடித்தது, மீதி றலியா வீட்டுப் பூனைக்குப் போனது. பஸ் ஏற்றிவிட்டு வந்த செல்லப்பாவை இரத்தினம்மா ஜன்னலுக்கு உள்ளே நின்று மறித்தாள்.

“கரிநாள் பதினொண்ணும் பதினேழும். இன்னைக்குப் பதிமூணு.”

“அச்சுல பிழையாப் போட்டிருப்பான்.”

“என்னாங்க.”

செல்லப்பா ஜன்னல் கட்டையைத் தடவினார்.

“ஒரு தரம் வர்றவ ரெண்டு தரம் வரட்டுமே புள்ள.”

இரத்தினம்மா வழி விட்டாள். அன்றைக்குப் புதுச் சொல் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. படுக்கும்போது தன் இரண்டு சேலையில் ஒன்றை எடுத்து அவர் காலில் போட்டாள்.

அதற்குப் பிறகு செல்லப்பா தினமும் விறகைத் திருப்பி வைத்தார். இளம் பனியென்றால் ஒரு தரம், கடும் பனியென்றால் இரண்டு தரம். மகள் வர நாள் குறித்திருந்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தள்ளிப்போனது. மறுபடி குறித்தாள், அரசாங்கக் கச்சேரியில் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று தள்ளிப்போனது. தள்ளிப்போகும் ஒவ்வொரு தடவையும் செல்லப்பா உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டார். பால் காய்ச்சாதவரை அவள் போக முடியாது என்று அவருக்கு ஒரு கணக்கு. எந்த அரசாங்கமும் ஒப்புக்கொள்ளாத கணக்கு அது.

மாசி இரண்டாம் திகதி, காலை பத்து மணிக்கு, தந்திக்காரன் வந்து கதவைத் தட்டினான். கதவு திறக்காது என்று செல்லப்பா உள்ளிருந்து சொன்னார். ஏன் என்று அவன் கேட்டான். உப்பிவிட்டது என்றார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கதவு பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்று பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அவன் ஜன்னலுக்கு வந்தான். தந்தி ஆங்கிலத்தில் இருந்தது. எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்த றலியா வேலிக்கு மேலால் வாங்கிப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள்.

“கப்பல் ஓடத் தொடங்கிட்டாம் அண்ணே. இண்டைக்குப் போறாங்களாம். ரெண்டு மணிக் கோச்சி. கண்டி ஸ்டேசனுக்கு வரச் சொல்லி ஈக்கி.”

செல்லப்பா உள்ளே போனார். குசினியில் குந்தி, அடுப்புச் செங்கல் மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டார். அதன்மேல் சிரட்டைகளைப் போட்டார். புதுப்பானையை இரத்தினம்மாவின் கையில் கொடுத்தார்.

“என்னாங்க இது?”

“அவ வீட்டுக்கு வர முடியல. அதனால வீடு போவுது.”

றலியா தன் மாட்டுப் பாலில் ஒரு போத்தல் நிரப்பி வேலிக்கு மேலால் நீட்டினாள். வழக்கமாகக் கூட வருகிற சொல் அன்றைக்கு வரவில்லை.

பஸ்ஸில் கொண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தான்.

“என்னா ஐயா உள்ளுக்கு?”

“குசினி.”

“குசினிக்கும் டிக்கட் எடுக்கணும்.”

செல்லப்பா எடுத்தார். வழி முழுக்க அந்த மூன்று கல்லையும் மடியில் வைத்திருந்தார். பேராதனைப் பாலத்தில் குளிர்காற்று அடித்தபோது சாக்கின் வாயை மூடிப் பிடித்துக்கொண்டார்.

கண்டி ஸ்டேஷன் மேடையில் கால் வைக்க இடமில்லை. டிரங்குப் பெட்டிகள், துணி மூட்டைகள், அம்மிக்குழவி, கூட்டோடு ஒரு கோழி. போகிறவர்களைவிட அழ வந்தவர்கள் அதிகம். ஒரு பெட்டி வாசலில் இராஜகுமாரி நின்றாள். அவளைக் கட்டிக்கொள்ள ஓடிய இரத்தினம்மாவின் கையில் பானை இருந்ததால், பானை இருவர் நடுவிலும் இடித்துக்கொண்டு நின்றது. மருமகன் தனபாலன் மாமனாரின் சாக்கை வாங்கினான். கனத்தைப் பார்த்து, “மாமா, இதுக்கு மேல சாமான் ஏத்த விடமாட்டாங்க” என்றான்.

“இது ஏத்துறதுக்கு இல்ல தம்பி. இறக்கிறதுக்கு.”

மேடை ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், செல்லப்பா மூன்று கல்லையும் வைத்தார். குசினியில் எந்தக் கல் எந்தப் பக்கம் இருந்ததோ அதே மாதிரி வைத்தார். சிரட்டையை அடுக்கினார். மகள் புரிந்துகொண்டு, பிள்ளையைத் தனபாலனிடம் கொடுத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு குந்தினாள். முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது.

பச்சைக் கொடியும் கையுமாக ஒரு ரயில்வேக்காரர் விறுவிறென்று வந்தார். மேடையில் நெருப்பு மூட்டக்கூடாது என்று சிங்களத்தில் அதட்டினார். செல்லப்பாவுக்கு நகரசபைச் சிங்களம் முப்பத்தொரு வருஷம் இருந்தது. அன்றைக்கு அதில் இரண்டு சொல்தான் வாயில் வந்தது.

“அலுத் கெதர” என்று கல்லைக் காட்டினார். புது வீடு.

ரயில்வேக்காரர் பானையைப் பார்த்தார். பால் போத்தலைப் பார்த்தார். பெட்டி வாசலில் இருந்த மூட்டைகளைப் பார்த்தார். அவர் வீட்டிலும் ஒரு நாள் பால் பொங்கியிருக்கும்தானே. காற்று வருகிற பக்கமாக வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கொடியை விரித்தும் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது குச்சி பிடித்தது. சிரட்டை பனி குடித்திருந்தது. புகைந்து புகைந்துதான் எரிந்தது. இராஜகுமாரி குனிந்து ஊதினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் புகைதான் காரணம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

“குமாரி” என்று செல்லப்பா அவள் பக்கத்தில் குந்தினார். “அன்னைக்குக் கரிநாள் இல்லம்மா.”

“தெரியும்ப்பா.”

“தெரியுமா?”

“காலண்டர் செவுத்துல தானே தொங்குச்சு. பதிமூணுன்னு இம்மாம் பெருசாப் போட்டிருந்துச்சு.”

“பொறகு ஏம்மா ஒண்ணும் சொல்லல?”

அவள் இன்னொரு தரம் ஊதினாள்.

“இன்னொரு தரம் வரலாமேன்னு தான்” என்றாள்.

பானையின் விளிம்பில் சின்னச் சின்னக் குமிழ் வரத் தொடங்கியது. மேலே ஆடை கட்டி, அது நடுவில் கொஞ்சம் அசைந்தது. இஞ்சின் ஊதியது. ரயில்வேக்காரர் கொடியை அசைக்கவில்லை. இரண்டாம் தரம் ஊதியது. அவர் தன் சட்டைப் பையைத் தடவி, எதையோ தேடுகிறவர் போல வெகு நேரம் தேடினார். மேடையின் மறுகோடியிலிருந்து யாரோ அவர் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். திரும்பி, பானையைப் பார்த்து, பிறகு செல்லப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“அப்பா, இன்னும் பொங்கல” என்றாள் இராஜகுமாரி.

“பொங்கும். நீ ஏறு.”

“கொஞ்சம் ஊதினாப் போதும்ப்பா.”

“ஏறும்மா.”

தனபாலன் அவள் கையைப் பிடித்து ஏற்றினான். கொடி அசைந்தது. அழ வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலாகி ரயிலோடு ஓடினார்கள். செல்லப்பாவும் ஓடினார். ஒரு மாசமாக ஜன்னலேறிப் பழகிய கால், நன்றாகத்தான் ஓடியது. ஜன்னல் கம்பியில் இருந்த மகளின் விரல்களை மேடை முடிகிற இடம் வரைக்கும் பிடித்திருந்தார். அதற்கப்பால் மேடை இல்லை. கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிய பிறகும், இரத்தினம்மா பின்னாலிருந்து வந்து தோளைத் தொடும் வரைக்கும், அவர் கை நீட்டியபடியே இருந்தது.

திரும்பி வந்தபோது தீ அணைந்திருந்தது. கல்லெல்லாம் பால். சாம்பல் நனைந்து வெள்ளையாகக் கிடந்தது. பானைக்குப் பக்கத்தில் அந்த ரயில்வேக்காரர் மட்டும் குந்தியிருந்தார். எழுந்து, பால் எப்படி எழும்பியது என்பதை இரண்டு கையையும் சேர்த்து மேலே தூக்கிக் காட்டினார். எந்தப் பக்கமாக வழிந்தது என்று இரத்தினம்மா சைகையால் கேட்டாள். அவர் தண்டவாளம் போகிற பக்கத்தைக் காட்டினார்.

பானையில் மிஞ்சியதில் அவருக்கு ஒரு வாய் கொடுத்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குடித்தார். றலியாவுக்கென்று கொஞ்சம் போத்தலில் ஊற்றிக்கொண்டார்கள். மீதியைப் புருஷனும் பெண்சாதியும் மாறி மாறிக் குடித்தார்கள். சிரட்டைப் புகை வாசம் அடித்தது.

திரும்புகிற பஸ்ஸிலும் அதே கொண்டக்டர்தான். சாக்கிலிருந்து லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. பார்த்தான். குசினிக்கு டிக்கட் கேட்கவில்லை. செல்லப்பா சாக்கை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தையிலிருந்து அவர் உடம்பில் பட்ட முதல் சூடு அது.

வீட்டுக்கு வந்து, ஜன்னலால் ஏறி, மூன்று கல்லையும் பழைய இடத்தில் பழைய மாதிரி வைத்தார். பால் காய்ச்சியாகிவிட்டது. இனி அது காவலிருக்கிற வீடு இல்லை. இனித் தீ மூட்டலாம், சாமான் அவிழ்க்கலாம், சோறு வைக்கலாம், எண்ணெய் இளகும், கதவுகூட மனமிரங்கலாம். இரத்தினம்மா விறகை இழுத்துப் போட்டு, தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள்.

“இரு புள்ள” என்றார் செல்லப்பா. “கல்லு இன்னும் சுடுது.”

அவள் தொட்டுப் பார்த்தாள். சாக்குக்குள்ளேயே வந்ததால் சூடு மிச்சமிருந்தது. அது மகள் ஊதி மூட்டிய சூடு.

தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளும் குந்தினாள். அவர் ஒரு கல்லில் கை வைத்தார், அவள் ஒரு கல்லில் கை வைத்தாள். மூன்றாவதில் இருவரும் மாறி மாறி வைத்தார்கள். வெளியே மேட்டில் பனி இறங்கத் தொடங்கியது. றலியா வேலிக்கு மேலால் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆறேகால் மணிக்குக் கடைசிக் கல்லும் ஆறியது. பிறகுதான் இரத்தினம்மா நெருப்புக்குச்சியைக் கிழித்தாள்.